ஷார்ஜாவில் பழகிய பிடி

ஷார்ஜாவில் நான் ஏசி குழாய் பொருத்தும் வேலையில் இருந்தேன். கட்டி முடிக்காத கட்டடங்களின் கூரைக்கடியில் தகரக் குழாய்களைத் தூக்கிக் கட்டுவோம். ஊருக்கெல்லாம் குளிர்க்காற்று போகிற வழியைச் செய்கிற எங்களுக்கு, வேலை முடிகிறவரை ஒரு மின்விசிறிகூடக் கிடையாது. மாலை ஆறு மணிக்கு வேன் எங்களை அறையில் இறக்கிவிடும். எட்டுப் பேர் படுக்கும் அறை. பேசுவதற்கு யாருக்கும் தெம்பு இருக்காது. அவரவர் போனில் அவரவர் ஊர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அறையில் இருந்த ஒரு கேரளத்து ஆள்தான் என்னை முதலில் ஒரு ஜிம்முக்குக் கூட்டிப்போனவர். டயர் கடைக்கு மேலே ஒரு நீண்ட அறை. தரை முழுக்க நீல ரப்பர் மேட் விரித்திருக்கும். எம்.எம்.ஏ. சொல்லிக் கொடுப்பார்கள். குத்து, உதை, மல்யுத்தம், தரையில் போட்டு மடக்குவது எல்லாம் கலந்த சண்டை. அவர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். நான் மூன்று வருடம் போனேன்.

ஏன் போனேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சண்டைக்கு ஆசைப்படும் ஆளில்லை நான். பள்ளிக்கூடத்தில்கூட யாரையும் அடித்ததில்லை. இப்போது யோசித்தால் காரணம் சின்னதாகத்தான் தெரிகிறது. வெளிநாட்டில் நம்மை யாரும் தொடுவதில்லை. மாதக்கணக்கில் ஒரு மனிதக் கை நம் மேல் படாது. அந்த மேட் மேல் முன்பின் தெரியாத ஒரு எகிப்துக்காரர் தன் முழு எடையையும் என் நெஞ்சில் வைத்துப் படுத்திருப்பார். மூச்சு முட்டும். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். அது போதுமானதாக இருந்தது.

பயிற்சியாளர் பிலிப்பைன்ஸ்காரர். பகலில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். குள்ளமான ஆள், என் தோளுக்குத்தான் வருவார். அவர் கற்றுக்கொடுத்ததில் அடிப்பது குறைவு, பிடிப்பதுதான் அதிகம். “கையைப் பிடிக்காதே. கை வழுக்கும். இடுப்பைப் பிடி, அக்குளுக்கு அடியில் கை கொடு” என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒரே ஒரு விதியில்தான் கண்டிப்பு. எதிராளி கையால் தரையையோ உன் உடம்பையோ தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தட்டுவது என்றால் போதும், தோற்றேன் என்று அர்த்தம். தட்டிய பிறகும் பிடித்திருந்த ஒருவனை அவர் அன்றோடு வெளியே அனுப்பினார். அதனால் எங்களுக்கெல்லாம் அது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் போயிற்று. தட்டும் சத்தம் கேட்டால் கை தானாகத் திறந்துவிடும்.

ஒரே ஒரு முறை போட்டியில் இறங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, இன்னொரு ஜிம்மில். முதல் சுற்றிலேயே எதிராளி என் கழுத்தை நெரித்துவிட்டான். தட்டினேன். “சரியான நேரத்தில் தட்டினாய்” என்று பயிற்சியாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். அதோடு போட்டி முடிந்தது. இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. உதட்டில் காயம் இருக்கிற வாரங்களில் வீடியோ இல்லாமல் பேசுவேன்.

வீடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அக்காவைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா இளவயதில் கூலிக்கு நெல் மூட்டை தூக்கியவர். லாரியில் ஏற்றுகிறவர்களிலேயே இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு அம்மாவும் அவருமாக உழைத்துக் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அப்போது மூன்று வருடமாக அவருக்கு மறதி நோய். முதலில் சைக்கிளை எங்கே விட்டார் என்று மறந்தார். அப்புறம் சைக்கிள் ஒன்று இருந்ததையே மறந்தார். “நல்லாத்தான் இருக்காரு, சாப்புடுறாரு, தூங்குறாரு” என்று அம்மா ஒவ்வொரு வாரமும் சொல்வாள். நானும் நம்புவேன். நம்புவது வசதியாக இருந்தது.

இன்னொரு வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது அம்மா போனை அலமாரி மேல் சாய்த்து வைக்கக் கையைத் தூக்கினாள். ரவிக்கைக் கை மேலே ஏறியது. புஜத்தில் ஒரு பக்கம் நாலு கறுப்புத் தடம், உள்பக்கம் ஒன்று. என்னால் அதைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேச முடியவில்லை. ஏனென்றால் அதே தடம் என் இரண்டு கையிலும் இருந்தது. யாராவது விடாமல் இறுக்கிப் பிடித்து இழுத்தால் மட்டும் வருகிற தடம் அது. இரண்டாம் நாள் கறுக்கும், ஐந்தாம் நாள் மஞ்சளாகும். அம்மாவுடையது இரண்டாம் நாள்.

“அம்மா, கையில என்ன?”

“எந்தக் கையில?”

“மேல. ரவிக்கைக்கு உள்ள.”

“அதுவா, கொல்லைக் கதவு இடிச்சிருச்சு தம்பி.”

“கதவுக்கு வெரலு கிடையாதும்மா.”

அம்மா ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அழுதாள். ஒரு வருடமாகவே சாயங்காலமானால் அப்பா வேறு ஆளாகிவிடுகிறார், வெளியே போகணும் என்கிறார், தடுத்தால் அடிக்கிறார், உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றாள். அப்பா அம்மாவை அடித்து நாங்கள் பார்த்ததே இல்லை. குரல் உயர்த்தியதுகூட அபூர்வம்.

ஒரு மாத விடுப்பில் கிளம்பினேன். திருச்சியில் இறங்கி, கல்லணை வழியாக பஸ் பிடித்து, பையோடு வீட்டு வாசலில் நின்றபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பனியன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். தோள் மட்டும் அப்படியே இருந்தது.

“அப்பா, நல்லா இருக்கீங்களா?”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாங்க லஸ்கர். ஒக்காருங்க” என்றார்.

வாய்க்கால் மதகைத் திறந்து அடைக்கிற அரசாங்க ஆளை எங்கள் பக்கம் லஸ்கர் என்பார்கள். அப்பா விவசாயம் பார்த்த காலம் முழுக்க லஸ்கரோடு அவருக்குத் தகராறுதான். அன்றிலிருந்து நான் அவருக்கு மகன் இல்லை, லஸ்கர்தான்.

நாலரை மணிக்கு ஆரம்பித்தது. சம்பா அறுத்து முடித்த மாசி மாதம். வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “தண்ணி வந்துருச்சு. மடைய தொறக்கணும்” என்றார். அம்மா கொல்லைக் கதவை மறித்து நின்று, “இப்ப தண்ணி இல்லங்க. நாளைக்கிப் போவலாம்” என்றாள். அவர் அவள் கையைப் பற்றி இழுத்தார். அவள் விழவில்லை. விழாமல் சமாளிக்கப் பழகியிருந்தாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் எழுந்தேன். என் இரண்டு கையும் தாடைக்குப் பக்கத்தில் போய் நின்றன. இடது கால் முன்னால் வந்திருந்தது. என் அப்பாவுக்கு எதிராக, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், நான் சண்டைக்கு நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

கையை இறக்கிவிட்டு அவருக்குப் பின்னால் போனேன். இடுப்பைச் சுற்றிப் பிடித்து, என் மேல் அவரைச் சாய்த்து, மெதுவாக அவரோடு தரையில் உட்கார்ந்தேன். அவர் என் மடியில் உட்கார்ந்து திமிறினார். அந்த பலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஷார்ஜாவில் இருபது வயதுப் பையன்களிடம்கூட அப்படி ஒரு இடுப்பைப் பார்த்ததில்லை. “விடுடா அவர! அப்படிப் புடிக்காத!” என்று அம்மா கத்தினாள். நான் விடவில்லை. அப்போது அப்பா ஆத்திரத்தில் உள்ளங்கையால் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தார். பட், பட், பட்.

என் கை திறந்துவிட்டது.

நான் விடவில்லை, கை விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா தலையைப் பின்னால் வீசி எழுந்ததில் அது என் மூக்கில் இடித்தது. மூன்று வருடம் ஜிம்மில் உடையாத மூக்கு அங்கே உடைந்தது. கண்ணில் நீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் கொல்லைக் கதவைத் திறந்து போய்விட்டார்.

நாங்கள் ஓடினோம். வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை தாண்டினால் வாய்க்கால். அப்பா சரிவில் சறுக்கி, முட்டி இரண்டும் தேய்ந்து, காய்ந்த வாய்க்கால் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெடித்த மண்ணைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். மூக்கில் ரத்தத்தோடு இறங்கிய என்னைப் பார்த்து, சண்டைக்கான குரலே இல்லாமல், “தண்ணிய எங்கங்க வச்சீங்க, லஸ்கர்?” என்று கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்தோம்.

அம்மா முதலில் அவர் முட்டியைக் கழுவி மருந்து போட்டாள். அதற்கப்புறம்தான் என் மூக்கைப் பார்த்தாள்.

“அவர அப்படித் தரையில உக்கார வச்சியே. யாராச்சும் பாத்திருந்தா என்ன நெனப்பாங்க? மூட்ட தூக்குன மனுசன்டா அவரு.”

“ஒன்ன அடிக்கிறாரும்மா.”

“எப்ப ஒதுங்கணும்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா கையில எப்படி அஞ்சு வெரலு வந்துச்சு?”

அவள் பஞ்சை என் மூக்கில் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தாள். “இதுக்குத்தான் அங்க போனியா? ஆளப் புடிச்சு மடக்கக் கத்துக்கவா?” என்றாள். அப்போதுதான் ஜிம்மைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருடமா என்று மட்டும் கேட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“நீ ஒரு மாசத்துல போயிருவ. அப்புறம் நான் என்ன பண்றது? கைய புடிச்சா எப்படி எடுக்கறதுன்னு காட்டு.”

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “இழுக்காதம்மா. இழுத்தா இன்னும் இறுக்குவாரு. அவரு கட்டவெரலு இருக்கிற பக்கம் திருப்பு. அந்தப் பக்கம்தான் பிடி லேசு.”

முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை முழங்கையை மடக்கி, கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி, ஒரு வெட்டு வெட்டினாள். கை வெளியே வந்துவிட்டது. அம்மாவுக்கே ஆச்சரியம். “இது நாத்து முடிய ஒதர்ற மாதிரில்ல இருக்கு” என்றாள். நாற்றுக் கட்டைச் சேற்றிலிருந்து எடுத்து மணிக்கட்டைத் திருப்பி உதறுவதை முப்பது வருடம் செய்தவள். இன்னொரு தடவை பிடி என்றாள். இன்னொரு தடவை. அடுப்பில் சோறு பொங்கி வழிகிறவரை நாங்கள் இருவரும் கூடத்தில் நின்று கையைப் பிடிப்பதும் விடுவிப்பதுமாக இருந்தோம். நடுவில் ஒருமுறை சிரிப்பு வந்து அவளால் நிற்க முடியவில்லை. என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. மூக்கு வலித்ததால் என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அந்த வாரம் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். இளவயதுப் பெண். அப்பாவிடம் நிதானமாகப் பேசினார். மாத்திரை எழுதிவிட்டு எங்களிடம், “வாக்குவாதம் பண்ணாதீங்க. தண்ணி இல்லன்னு சொல்லாதீங்க. அவர் வெளிய போகணும்னா கூடப் போங்க” என்றார். அவ்வளவுதான். அம்மா ஒரு வருடமாகக் கதவில் நின்று வாங்கிய அடியெல்லாம் எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கும்.

மறுநாள் நாலரைக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபோது நானும் கட்டிக்கொண்டேன். “வாங்கப்பா, மடைய தொறந்துட்டு வருவோம்” என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். லஸ்கரே கூப்பிடுகிறானே என்று நினைத்திருக்கலாம். அக்குளுக்கு அடியில் என் கையைக் கொடுத்து, தோளை லேசாக வளைத்துப் பிடித்தேன். ஜிம்மில் அப்படிப் பிடித்தால் எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மகன் அப்பாவைத் தாங்கி நடத்திப் போவதுபோல்தான் இருக்கும். அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வாய்க்கால் கரையில் மதகு வரை நடப்போம். துருப்பிடித்த இரும்புச் சக்கரத்தில் கை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றுவதுபோல் செய்வார். கொஞ்ச நேரம் பார்ப்பார். திரும்புவோம். எதிரில் வருகிறவர்கள், “என்ன, அப்பாவும் புள்ளையும் காத்து வாங்கப் போறீங்களா?” என்று கேட்பார்கள். “ஆமாங்க” என்பேன். சில நாள் பாதி வழியில் திமிறுவார். அப்போது இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிடுவேன். அவர் தரையைத் தட்டினாலும் விடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேயிருப்பேன். அது சுலபமாக வரவில்லை. ஒவ்வொரு தடவை அவர் உள்ளங்கை மண்ணில் விழும்போதும் என் விரல்கள் துடிக்கும்.

அப்படி ஒரு நாள் திமிறி ஓய்ந்து, என் நெஞ்சில் சாய்ந்தபடி, “நல்ல பலமா இருக்கப்பா நீ. எந்த ஊரு? நாளைக்கி நாத்துப் பறிக்க வர்றியா?” என்று கேட்டார்.

“வர்றேங்க” என்றேன்.

“காலையில வெள்ளனவே வந்துரு.”

அன்று எனக்கு லஸ்கர் வேலையிலிருந்து மாற்றல் கிடைத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

விடுப்பு முடிந்தது. கம்பெனியில் இன்னும் ஒரு மாதம் கேட்டேன், கொடுத்தார்கள். அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. பயிற்சியாளருக்கு மட்டும் நடந்ததை எழுதினேன். தட்டும் சத்தத்துக்குக் கையைத் திறந்துவிட்டதையும் எழுதியிருந்தேன். மூன்று நாள் கழித்துக் குரல்பதிவு வந்தது. பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம். நீ செய்தது தப்பில்லை, இங்கே அது சரி, அங்கே வேறு என்றார். அப்புறம், “நீ தூங்குகிறாயா?” என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் அனுப்ப உட்கார்ந்தேன். அப்பா கூப்பிட்டார். இன்றுவரை அனுப்பவில்லை.

இப்போது இரண்டு வருடமாகிறது. தஞ்சாவூரில் ஒரு கடையில் ஏசி ரிப்பேர் வேலைக்குப் போகிறேன். மூன்று மணிக்கே கிளம்ப அனுமதி வாங்கியிருக்கிறேன். போன ஆடியில் அப்பாவுக்கு நடை நின்றது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியபோது அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஒரு சொம்பில் மொண்டுவந்து காட்டினேன். குடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்து வாயைத் திறந்தார்.

இப்போது அப்பா யாரையும் அடிப்பதில்லை. அடிக்கிற பலம் போய்விட்டது. ஊரில், “பரவால்ல, இப்ப அமைதியா இருக்காரு” என்கிறார்கள். அக்காவும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. அந்த இடுப்பு என் கைக்குள் எப்படித் திமிறியது என்று எனக்குத்தான் தெரியும். இப்போது அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் உடம்பு கூடவே வருகிறது. அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று கீழே விரித்த துணியோடு இழுத்துத் திருப்புகிறோம். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும். என் முதுகும் முட்டியும் ஷார்ஜாவில் வலித்ததைவிட இப்போது அதிகம் வலிக்கின்றன. அங்கே வலித்தால் ஒரு நாள் ஜிம்முக்குப் போகாமல் இருக்கலாம்.

அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வருகிறது. யார் மாத்திரை கொடுத்தது, யார் மறந்தது என்று. “நீ இங்க இருந்து என்னத்தக் கண்ட? திரும்பப் போயிரு” என்பாள் கோபத்தில். “போறேன்” என்பேன். பத்து நிமிடத்தில், “தம்பி, ஒரு பக்கம் புடி” என்று கூப்பிடுவாள். போவேன்.

இந்த வாரம் அக்கா திருச்சியிலிருந்து வந்திருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நாலு நாள் இருப்பேன் என்றாள். நேற்று ஞாயிறு. காலை சாப்பாட்டுக்குப் பிறகு, “நீ போய்ப் படு. நாங்க பாத்துக்கறோம்” என்று என்னை உள்ளறைக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரம் அவர்கள் திருப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா அவசரப்படுகிறாள் என்று பட்டது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது: “இழுக்காதடி. இடுப்ப புடி, இடுப்ப.”

கண்ணை மூடினேன். மறுபடி விழித்தபோது சாயங்காலம் ஐந்து மணி. யாரும் என்னைக் கூப்பிட்டிருக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைத்து, எழுந்திருக்காமல், மறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.